சபா செயலாளர்களுக்கு, கடம் வாசிப்பவனிடமிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய சங்கீத சபா செயலாளர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரி சீசனுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது. ஆனாலும் ஆடியிலேயே இதை எழுதுகிறேன். உங்கள் மேஜையில் விண்ணப்பங்கள் குவிகிற நேரம் இதுதான். யார் பாடுவது, எந்த நாள், மதியமா மாலையா, வயலின் யார், மிருதங்கம் யார் என்று கட்டம் போட ஆரம்பித்திருப்பீர்கள். அந்த வரிசையில் மிருதங்கத்துக்கு அடுத்த கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் 22 வருஷமாகக் கடம் என்கிற மண்பானை வாத்தியத்தை வாசிக்கிறேன். கடம், கையில் பிடித்துத் தட்டும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிரா, வாயில் வைத்து மீட்டும் மோர்சிங் மூன்றையும் சேர்த்து உபபக்கவாத்தியம், அதாவது மிருதங்கத்துக்குத் துணை நிற்கும் வாத்தியம், என்கிறோம். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இல்லை. மிருதங்கம் முன்னால் போக, நாங்கள் பின்னால் போகிறோம். அது இந்த சங்கீதத்தின் முறை. என் வருத்தம் வேறு.

இப்போது நடப்பது என்ன என்று உங்களுக்கும் தெரியும். முன்னணிப் பாடகர்களின் மாலைக் கச்சேரி தவிர மற்றவற்றுக்கு, "வயலின், மிருதங்கம் நாங்கள் போடுகிறோம், கடம் வேண்டுமானால் நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள்" என்று பாடுகிறவரிடம் சொல்லிவிடுகிறீர்கள். மதியக் கச்சேரி பாடுவது யார்? இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு வருகிற சன்மானம் புடவைக்கும் வண்டிச் செலவுக்குமே சரியாக இருக்கும். கச்சேரி முடிந்ததும் பாடிய பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஒரு கவரை நீட்டுவாள். போன சீசனில் அப்படி ஒரு கவரில் 1,000 ரூபாய் இருந்தது. வீட்டிலிருந்து போய் வர எனக்கு ஆட்டோவுக்கே 640 ஆகியிருந்தது. அந்தக் கவரை வாங்கவும் கை கூசியது, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் தரவேண்டிய பணம் இல்லை அது.

பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்கலாம். கடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒன்று என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம், நான் பல நாள் மூன்று எடுத்துப் போகிறேன். மிருதங்கத்தில் ஸ்ருதி கொஞ்சம் விலகினால் ஒரு கல்லையும் சின்ன மரக்கட்டையையும் வைத்து மேடையிலேயே தட்டிச் சேர்த்துவிடலாம். கடத்தில் அது நடக்காது. சூளையில் வெந்தபோது என்ன ஸ்ருதி வந்ததோ அதுதான் அதன் ஆயுளுக்கும். உள்ளே கொஞ்சம் களிமண்ணை அப்பினால் ஒரு நூல் இறங்கும். ஏற்றுவதற்கு வழியே இல்லை. அதனால் ஒன்றரைக் கட்டை ஸ்ருதிக்கு ஒரு கடம், இரண்டுக்கு ஒரு கடம், பெண்கள் பாடும் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குத் தனித்தனிக் கடம் என்று வீட்டில் ஒரு அலமாரியே வைத்திருக்கிறேன். பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லாமல் அரைக் கட்டை இறக்கிக்கொண்டால் அதற்கும் ஒன்று கையில் இருக்க வேண்டும். பழைய ஜமக்காளத்தில் சுற்றி, பஞ்சு வைத்து, ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவேன். விரிசல் விட்டால் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. விரலால் ஒரு தட்டு தட்டினால் நாதம் செத்து, 'பொத்'தென்று கேட்கும். அதற்கப்புறம் அதைச் செடி வைக்கத்தான் கொடுக்கலாம்.

நல்ல கடம் கடையில் கிடைக்காது. மானாமதுரைக்குப் போய் இறங்க வேண்டும். அங்கே மண்பாண்டம் செய்யும் வேளார்கள் பல இடத்து மண்ணை வைகை மணலோடு சேர்த்துக் குழைத்து, சக்கரத்தில் வனைந்து, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டுகிறார்கள். சுவர் எங்கும் ஒரே கனம் வரும்வரை அந்தத் தட்டல் நிற்காது. பிறகு சூளை. பத்துக் கடத்தைத் தட்டிப் பார்த்தால் ஒன்றில்தான் நான் தேடும் ஸ்ருதி இருக்கும். அந்த ஒன்றும் வாயில் ஒரு நாதம், வயிற்றில் ஒரு நாதம் என்று பேதமாக இல்லாமல் இருக்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கடம் லேசு, விரலுக்கும் இதம். மானாமதுரைக் கடம் கனம். என்னிடம் இருப்பதில் ஒன்று எட்டுக் கிலோ. அதில் வாசிக்க விரலும் மணிக்கட்டும் வலுத்திருக்க வேண்டும். ஆனால் அதன் நாதத்தில் ஒரு வெண்கல மணி இருக்கும், அதற்காக எந்த வலியையும் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே கடம் செய்த மீனாட்சி அம்மாவுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. மண்ணைத் தட்டுகிற கைக்கு தில்லியில் மரியாதை செய்தார்கள் என்று கேட்டபோது எனக்கே கிடைத்தது போல் இருந்தது.

எங்கள் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், சில செயலாளர்கள் உண்மையாகவே "கடம் இல்லாட்டி என்ன குறைஞ்சுபோச்சு?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பல்லவியில் மிருதங்கம் மட்டும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அனுபல்லவியில் மிருதங்க வித்வான் ஒரு பார்வை பார்ப்பார். அப்போது நுழைய வேண்டும். அவர் கனமாக வாசித்தால் நான் மெல்லியதாக, அவர் விட்ட இடத்தில் நான் ஒரு சொல், சரணத்தில் அவர் ஒதுங்கினால் பாட்டு முழுக்க என் கையில். ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு தட்டு கூட விழக் கூடாது. இதை அனுசரணை என்கிறோம். வேகமாக வாசிக்க மூன்று வருஷத்தில் வந்துவிட்டது எனக்கு. அனுசரணை வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் குரல் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சீசனுக்கு முன் ஒரு சபாவில் மாலைக் கச்சேரி. பெயர் வேண்டாம். தோடி ராகம், ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டாக விரியும் இரண்டு களை ஆதி தாளம். பாடகர் அருமையாகப் பாடி, ஸ்வரத்தை முடித்து, தனிக்கு விட்டார். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் இல்லை, தள்ளி வருகிற பாட்டு. மூத்த மிருதங்க வித்வான் நிதானமாக, நாலு நாலாக எண்ணும் சதுச்ரத்தில் ஆரம்பித்தார். அவர் முடித்ததும் நான். எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தால் மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடைக்குப் போய் வந்திருப்பேன், அதற்காகவே இரண்டு வாரம் சாதகம் செய்திருந்தேன். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது இரண்டாவது தாளச் சுற்றிலேயே, மேடை ஓரத்தில் ஒருவர் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்து ஒரு பாராட்டு விழா, தலைமை விருந்தினர் வந்துவிட்டாராம். மிருதங்க வித்வான் என் பக்கம் குனிந்து, "குறைப்பு வேண்டாம், நேரா மோராவுக்குப் போயிடலாம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சங்கடத்தை நான் மறக்கவில்லை. மொத்தத் தனியும் ஏழு நிமிஷத்தில் முடிந்தது.

குறைப்பு வேண்டாம் என்றால் எதை விட்டோம் தெரியுமா? மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசிக்கும், கடம் இரண்டு ஆவர்த்தனம் பதில் சொல்லும். பிறகு ஒன்று, பிறகு அரை, பிறகு கால் என்று குறைந்துகொண்டே வரும். கடைசியில் நாலே மாத்திரையில் கேள்வியும் பதிலும் கையும் கையும் கோத்தது போல் ஓடும். அங்கிருந்து இருவரும் சேர்ந்து, முடிப்பை அறிவிக்கும் மோரா, அதன்பின் தனியை முடித்துவைக்கும் கோர்வை. கோர்வை மூன்று முறை, மூன்றாவது முடிவில் பாட்டின் எடுப்பில் இம்மி பிசகாமல் போய் விழ வேண்டும். இரண்டு தாள வாத்தியக்காரர்கள் மேடையில் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற இடம் அது. அன்றைக்கு முன்வரிசையில் பத்து வயது இருக்கும் ஒரு பையன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே குறைப்புக்காகக் காத்திருந்தான். நாங்கள் மோராவுக்குப் போனதும் அவன் விரல் தடுமாறி, அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அதை நான் பார்த்தேன்.

தனி ஆரம்பித்தால் ரசிகர்கள் கேன்டீனுக்குப் போகிறார்கள் என்பீர்கள். போகிறார்கள்தான். தனியைக் கழிப்பறை இடைவேளை போல நடத்திப் பழக்கியிருக்கிறோம், அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கணக்கு காட்டுவதே வாசிப்பு என்று நினைத்து நாதத்தைத் தொலைத்த காலம் எனக்கும் இருந்தது. ஆனால் எட்டு நிமிஷத் தனிக்கு யார்தான் உட்காருவார்கள்? அதற்குள் நாதமும் வராது, கணக்கும் வராது.

இந்த மேடை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1900இல் திருவல்லிக்கேணியில் ஸ்ரீ பார்த்தசாரதி ஸ்வாமி சபா தொடங்கிய அந்தக் காலத்தில், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவை மேடைக்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தார். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவுக்காகவே கூட்டம் வந்த கச்சேரிகள் உண்டு. வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், வாயால் சொல்கட்டு சொல்லும் கொன்னக்கோல் என்று எல்லோரும் உட்கார்ந்தால் 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். இன்றைக்கு அந்த வார்த்தையே வயதானவர்கள் வாயில்தான் கேட்கிறது. வெளியில் நிலைமை வேறு. கட வித்வான் விக்கு விநாயக்ராம் 1970களில் சக்தி என்ற இசைக்குழுவோடு கடத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார், 2014இல் பத்ம பூஷண் வாங்கினார். அதே சக்தி குழுவுக்கு 2024இல் கிராமி கிடைத்தபோது அதில் கஞ்சிரா வாசித்தவர் அவர் மகன் செல்வகணேஷ். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரம் என்று அறிவித்தது. அந்த நகரத்தில் ஒரு கட வித்வான் மாம்பலத்தில் குழந்தைகளுக்கு இணையத்தில் பாடம் எடுத்துத்தான் வாடகை கட்டுகிறார்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகன்யா ராம்கோபால் அவர்கள் விக்கு சாரிடமும் அவர் தந்தை ஹரிஹர சர்மாவிடமும் கற்று, பெண் கடம் வாசிக்கிறாள் என்பதற்காகவே வந்த மறுப்புகளைத் தாண்டி, சங்கீத நாடக அகாதெமி விருது வரை வந்தவர். அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் பலர் இன்று நன்றாக வாசிக்கிறார்கள். மகளிர் கச்சேரி என்று தனியாக ஒரு நாள் வைத்து அதில் மட்டும் அவர்களைப் போடாதீர்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. உபபக்கவாத்தியத்தை நீங்களே நியமியுங்கள், பாடகரின் பையில் அதைக் கட்டாதீர்கள். எல்லாக் கச்சேரிக்கும் முடியாது என்றால் மதியக் கச்சேரிகளில் பாதிக்காவது போடுங்கள். மிருதங்கத்துக்குத் தருவதில் பாதியாவது கொடுங்கள், கவரில் இல்லாமல் வங்கிக் கணக்கில். அழைப்பிதழில் பெயரை அச்சிடுங்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் தனிக்கு 20 நிமிஷம் என்று எழுத்தில் வைத்து, பாடகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விருந்தினர் வந்தாலும் அந்த 20 நிமிஷத்தில் மேடை ஓரத்துக்கு யாரும் வர வேண்டாம். மைக்காரரிடம் சொல்லிக் கடத்தின் வாய்ப்பக்கம் ஒரு தனி மைக் கொடுங்கள். மிருதங்கத்தோடு பகிர்ந்துகொள்ளும் மைக்கில் என் பாதி வாசிப்பு என் மடியிலேயே நின்றுவிடுகிறது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஸ்பான்சர் பேனருக்கும் பூ அலங்காரத்துக்கும் ஆகிற செலவை ஒருமுறை அருகருகே எழுதிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முறை மாறாது என்றும் சொல்லாதீர்கள். ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாக மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்ததே 1966இல்தான், பாலக்காடு மணி ஐயருக்கு. அன்றும் ஒரு அறையில் சிலர் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுதான் அது.

ஐப்பசிக்குள் உங்கள் பட்டியல் அச்சுக்குப் போய்விடும். என்னை அழைப்பதாக இருந்தால், கடிதத்தில் நாளையும் நேரத்தையும் போடும்போது பாடகர் எத்தனை கட்டை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்தக் கடத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே பார்த்துவிடுவேன்.

வணக்கத்துடன்,
கடம் வாசிக்கும் ஒருவன்