வாசலில் வைக்கப்படும் அட்டைப்பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊனமுற்ற பூனைகளைப் பராமரிப்பது வீண்வேலை என்றும், ஊசி போட்டு முடித்துவிடுவதே கருணை என்றும் வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள ஒரு பூனைக் காப்பகத்துக்குக் கிழமையில் மூன்று நாள் போய்வருபவள் என்ற முறையில், அவர் சொன்னதில் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். தீராத வலியில் கிடந்த உயிர்களை மிருக வைத்தியரின் கையால் அமைதியாக அனுப்பிவைத்த நாட்கள் எங்களுக்கும் உண்டு. ஆனால் ஊனம் வேறு, வலி வேறு என்பதை அவர் கவனிக்கத் தவறிவிட்டார்.

முத்து என்று நாங்கள் அழைக்கும் கடுவன் பூனை, அனுராதபுரச் சந்திக்கு அருகில் வாகனத்தில் அடிபட்ட நிலையில் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தள்ளியுள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், முதுகெலும்பு முறிந்திருப்பதும் பின்னங்கால்கள் இனி இயங்கா என்பதும் உறுதியாயிற்று. கால்களைவிடப் பெரிய சிக்கல், சிறுநீரைத் தானாகக் கழிக்க அதனால் முடியாது என்பதுதான். நாளுக்கு மூன்று தடவை யாராவது ஒருவர் அதைப் பழைய துவாயின்மேல் நிறுத்தி, அடிவயிற்றின் இருபுறமும் விரல்களை வைத்துத் தேடினால், தேசிக்காய் அளவில் வழுக்கி நகரும் உருண்டை ஒன்று அகப்படும்; அதுதான் சிறுநீர்ப்பை. அதை நகம் படாமல், விரல்களின் தட்டையான பகுதியால், வால் பக்கமாக மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் ஒடுக்கம் என்பதால் பொறுமை கூடுதலாக வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் பை கிழிந்துவிடும். தேங்கவிட்டால் கிருமி தொற்றிச் சிறுநீரகம் வரை போய்விடும். இந்தப் பக்குவம் எனக்குப் பிடிபட இரண்டு கிழமை சென்றது. அந்நாட்களில் முத்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, கரும்பலகையில் கணக்கைப் பிழையாகச் செய்த ஆசிரியையை மாணவன் பார்க்கும் பார்வையாகவே இருந்தது. இப்போது மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்து ஈரம் போகத் துவட்டிவிட்டால், சிறுநீர் பட்டுத் தோல் வெந்து புண்ணாவதும் இல்லை. அதன்பின் அது முன்னங்கால்களாலேயே விறாந்தைச் சீமெந்தில் வழுக்கிக்கொண்டு, நான்கு காலுள்ள பூனைகளுக்கு முந்தி சூடை மீன் தட்டை அடைந்துவிடும்.

தள்ளாடி நடக்கும் குட்டிகளை விசர் பிடித்தவை என்று தடியெடுத்து விரட்டுவோரை இந்நகரில் பலமுறை கண்டிருக்கிறேன். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பான்லியூகோபீனியா என்ற வைரஸ் தொற்றினால், குட்டிகளின் சிறுமூளை முழுமையாக வளர்வதில்லை. அத்தகைய குட்டி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தள்ளாடும். ஆனால் அந்தத் தள்ளாட்டம் வயதோடு கூடுவதில்லை, மற்றப் பூனைக்குத் தொற்றுவதில்லை, அதற்கு வலியும் இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி, மலங்கழிக்கும் மண்தட்டின் விளிம்பைத் தாழ்த்தி, வழுக்காத பாய் விரித்துக் கொடுத்தால் போதும். விசர்நோய் அப்படியன்று. நல்லபடி நடமாடிய பூனை திடீரெனக் குணம் மாறி, நாளுக்கு நாள் மோசமாகிச் சில நாட்களிலேயே இறந்துவிடும். அப்படி மாறிய பூனையை எவரும் தொடாமல் மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். பார்வையற்ற பூனைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கதிரைகளை இடம் மாற்றாதிருந்தால், மீசையால் தடவித் தடவியே வீட்டை மனப்பாடம் செய்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்ட பூனைக்கு வலி தீரட்டும் என்று பனடோல் உடைத்துக் கொடுத்த பிறகே எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பனடோலிலுள்ள பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கப் போதும். கால் மட்டும் முறிந்து, பிழைத்திருக்க வேண்டிய பெட்டைக்குட்டி ஒன்று, ஈறுகள் மண்ணிறமாகி மூச்சு வாங்கி என் மடியிலேயே இறந்தது. கொடுத்தவர் அழுதுகொண்டு நின்றார். அவரிடம் எதைச் சொல்வது?

கோட்டை மான்களுக்கு வாழைப்பழத்தோல் நீட்டிப் படமெடுத்து மகிழும் ஊர் இது. ஆனாலும் விடியப்புறத்தில் காப்பகத்தின் படலையைத் திறந்தால், பூனையை உள்ளே வைத்துக் கயிறு கட்டிய பிஸ்கட் பெட்டி ஒன்று அநேகமாக இருக்கும். மழை பெய்த இரவுகளில் பெட்டியின் அடி நைந்திருக்கும். வைத்தவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் எண்ணவில்லை. பராமரிக்கும் விதம் தெரியாததால்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெட்டியோடு பகலில் வந்து, ஒரு மணித்தியாலம் எங்களுடன் இருந்து பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாலையூற்றைச் சேர்ந்த ஓட்டோச் சாரதி ஒருவர் முத்துவைப் போன்ற பூனையொன்றைக் கொண்டுவந்தவர், நான்கு நாள் வந்து பழகிய பின் அதைத் தன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனார். அவர் ஓட்டத்துக்குப் போயிருக்கும் வேளைகளில், மத்தியான முறையை அவருடைய தாயார் பார்த்துக்கொள்கிறார்.

காப்பகத்தில் பணத்தைவிட ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. இரவு பத்து மணி முறைக்கு வரக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஊசி போடச் சொன்ன வாசகரையும் அன்புடன் அழைக்கிறேன். இரவு வருவது சிரமமென்றால், முத்துவின் மத்தியான முறை இரண்டு மணிக்கு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.