மோட்டார் டிஷ்ஷுக்கென்று விற்ற சுவர் பிராக்கெட் பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ‘மோட்டார் டிஷ்ஷுக்கு ஏற்றது, 120 செ.மீ. வரை’ என்று விற்கப்பட்ட சுவர் பிராக்கெட் அந்த வேலைக்கு உதவாதது. பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய சுவர் பிராக்கெட்டின் ரசீது நகலும் படங்களும் இத்துடன் உள்ளன. பெட்டியில் இருந்தவை: சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கும் ஒற்றைக் கை, 38 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தகடும் கொண்ட குழாய், 15 செ.மீ. சதுரத் தகடு, நான்கு 8×60 மி.மீ. ஆங்கர் போல்ட் (சுவர்த் துளைக்குள் விரிந்து பிடிப்பவை). அசையாமல் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்கும் 60 செ.மீ. டிஷ்ஷுக்கு இது தாராளம். பல செயற்கைக்கோள்களைப் பிடிக்க மோட்டாரில் திரும்பும் 120 செ.மீ. டிஷ்ஷுக்கு இது எந்த வகையிலும் சரிவராது. காரணங்களை அளவுகளோடு எழுதுகிறேன்.

முதலாவது, சுவருக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடைவெளி. தங்கள் கையேட்டுப் படத்தில் டிஷ் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. அது செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்கு அருகே தெரியும் வடதேசங்களுக்கான படம். காரைக்குடி வட்டாரம் இருப்பது 10 டிகிரி வட அட்சரேகையில். இங்கே நேர் தெற்கில் உள்ள செயற்கைக்கோள் 78 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்கு மேலே இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் வரும், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளுக்குக்கூட 69 டிகிரி உயரம் வேண்டும். எனவே டிஷ் வானம் பார்த்து மல்லாந்து கிடக்கும். அதன் மேல் விளிம்பு மோட்டாரையும் குழாயையும் தாண்டிப் பின்னால் வடக்கே நீளும். தெற்குச் சுவரில் பொருத்திய பிராக்கெட்டுக்கு வடக்கே இருப்பது சுவர்தானே! குழாயின் நடுவிலிருந்து அளந்தால் விளிம்பு 30 செ.மீ. பின்னால் வருகிறது, தாங்கள் தந்த இடைவெளியோ 25 செ.மீ. மோட்டார் சுழலும்போது இந்த நிலை மாறுவதில்லை. நம் அட்சரேகையில் மோட்டாரின் சுழல் அச்சு வடக்கு தெற்காகப் படுத்தே இருப்பதால், கிழக்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் மேல் விளிம்பு சுவரை நோக்கியே நிற்கும்.

குழாயின் மேல்முனையிலும் இதே கோளாறு. மோட்டாரைக் குழாயில் பிடிக்கும் கிளாம்புக்கு மேலே தங்கள் குழாய் 20 செ.மீ. நீண்டிருக்கிறது. மல்லாந்த டிஷ்ஷின் முதுகு அதில் இடிக்கும். நம் ஊரில் கிளாம்புக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் குழாய் நீளக்கூடாது. அறுத்துக்கொள்ளலாம் என்றால், அறுத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய் அடுத்த மழைக்காலத்திலேயே துரு ஏறும். பெட்டியில் மூடியும் இல்லை.

இரண்டாவது, ஆட்டம். எனக்குப் பெரிய குறை இதுதான். நிலையான டிஷ்ஷின் பிராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தச் சாய்வுக்கேற்ப டிஷ்ஷைத் திருப்பி முடுக்கிவிட்டால் தீர்ந்தது. மோட்டார் டிஷ்ஷில் எடை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. டிஷ் கிழக்கே இறங்கும்போது குழாயைக் கிழக்கே இழுக்கும், மேற்கே போகும்போது மேற்கே இழுக்கும். 57 செ.மீ. உயரக் குழாயின் நுனி 1 செ.மீ. நகர்ந்தால் அது 1 டிகிரி. கு-பேண்டில் (வீட்டு டிஷ்கள் பிடிக்கும் அலைவரிசையில்) 120 செ.மீ. டிஷ்ஷின் கற்றை அகலம் மொத்தமே சுமார் 1.5 டிகிரிதான், நடுவிலிருந்து முக்கால் டிகிரி விலகினாலே சமிக்ஞை பாதியாகிவிடும். மோட்டாரைத் திருப்ப ரிசீவர் போடும் யுஎஸ்ஏஎல்எஸ் கணக்கு, குழாய் செங்குத்தாக, அசையாமல் நிற்கிறது என்று நம்பித்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளின் இடத்தையும் கணிக்கிறது. 68.5 டிகிரி கிழக்கிலும் 93.5 டிகிரி கிழக்கிலும் உள்ள செயற்கைக்கோள்களுக்கு இடையே வானத்தில் 25 டிகிரி வித்தியாசம். இங்கிருந்து திசைகாட்டியில் பார்த்தால் தென்மேற்கிலிருந்து தென்கிழக்கு வரை 100 டிகிரிக்கு மேல். ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனை தவறும். தூக்குக்குண்டு பிடித்து நேராக்கிய குழாய், டிஷ் ஏறியதும் சாய்வது 1.5 மி.மீ. தகட்டின் குறை. பொருத்தியவர் மேல் அதைச் சுமத்துவது நியாயமில்லை.

மூன்றாவது, சுவர்ப் பிடிப்பு. “போல்ட்டை இன்னும் முடுக்குங்கள்” என்று தங்கள் சேவைப் பிரிவு சொன்னது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். மேற்பூச்சு மட்டுமே 25 முதல் 40 மி.மீ. கனம் இருக்கும். 60 மி.மீ. ஆங்கர் போல்ட்டில் பாதி அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மீதிப் பாதிதான் செங்கலைத் தொடுகிறது. விரியும் போல்ட்டை முடுக்க முடுக்கப் பழைய செங்கல் பிளக்கும், காரை உதிரும். தலைமுறைகளாக நிற்கும் வெள்ளைப் பூச்சில் விரிசல் விட்டால், அதே கலவையில் பூசித்தர இன்று கொத்தனார் கிடைப்பதே அரிது.

காற்றின் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 120 கி.மீ. காற்று 120 செ.மீ. டிஷ்ஷை நேராக அறைந்தால் தள்ளும் விசை 90 கிலோவுக்கு மேல். அது சுவர்த் தகட்டுக்கு 70 செ.மீ. மேலே விழுகிறது. தங்கள் தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் தூரம் 12 செ.மீ. ஆக, மேலிரண்டு போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை 500 கிலோவைத் தாண்டும். சுவரில் இரண்டு தகடுகளை 60 செ.மீ. இடைவெளியில் வைத்திருந்தால் அது சுமார் 110 கிலோவாகக் குறைந்திருக்கும். 2018 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கத்தைக் கஜா புயல் புரட்டிப்போட்டதைக் கண்ட ஊர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பிடுங்கிக்கொண்டால் டிஷ் விழுவது நாட்டு ஓட்டின் மேலோ வளவில் நிற்பவர் தலையிலோ.

மோட்டார் டிஷ்ஷுக்கென்று பிராக்கெட் விற்பதானால் இவை வேண்டும்: இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், பி கிளாஸ், அதாவது 60 மி.மீ. வெளிவிட்டமும் 3.6 மி.மீ. கனமும், மேலும் கீழும் தனித்தனிக் கை, குறுக்கே ஒரு தாங்குகம்பி, 6 மி.மீ. தகடு, சுவரிலிருந்து குறைந்தது 45 செ.மீ. தள்ளல். கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் பொருத்தி, விளிம்பு சுவரின் தலைக்கு மேலே போகும்படி குழாயை உயர்த்துவதும் நல்ல வழி. சுண்ணாம்புச் சுவருக்கு விரியும் போல்ட் கூடவே கூடாது. 12 மி.மீ. மரைக்கம்பியைச் சுவரின் மறுபக்கம் வரை விட்டு, அங்கே ஒரு தகடு வைத்து முடுக்க வேண்டும். மறுபக்கம் போக வழியில்லாவிட்டால் சல்லடைக் குழலோடு கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை இட்டுப் பிடிக்கவைக்கும் கம்பி).

ஆகவே, பிராக்கெட்டின் முழு விலையையும் கூரியர் செலவையும் திருப்பித் தரக் கோருகிறேன். இணையப் பக்கத்திலும் பெட்டியிலும் உள்ள ‘மோட்டார் டிஷ்ஷுக்கு ஏற்றது’ என்ற வாசகத்தை நீக்கி, தள்ளல் அளவு, குழாய்க் கனம், போல்ட் இடைவெளி, எவ்வகைச் சுவருக்குப் பொருந்தும் ஆகியவற்றைத் தமிழிலும் அச்சிடுங்கள். மாற்றுப் பொருள் அனுப்புவதானால் அளவுகளை முன்கூட்டி எழுதி அனுப்புங்கள். இதே பிராக்கெட் மறுபடி வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பிராக்கெட் கழற்றிப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது. தங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விளிம்பு சுவரில் இடிக்கும் படங்கள், தூக்குக்குண்டுடன் எடுத்த குழாய்ச் சாய்வுப் படங்கள்.