தம்பி ஆடட்டும், அப்பா

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா, ஆச்சி, நீங்கள் எல்லோரும் நலமா? இங்கே டிசம்பர் குளிர். மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது.

தம்பி கல்லூரி வாலிபால் அணியில் சேர்ந்ததை எண்ணி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். கவலை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? 'பந்தடித்தால் சோறு கிடைக்குமா' என்று என்னையும் கேட்டவர்தானே நீங்கள். எனக்குச் சோறு போட்டது நர்சிங் படிப்பும் ஜெர்மன் மொழியின் பி2 தேர்வும்தான். ஆனால் கிடைத்த வேலையில் காலூன்றி நிற்கப் பாளையங்கோட்டை மைதானம்தான் கைகொடுக்கிறது.

உயரம் போதாததால் என்னை லிபரோ ஆக்கினார்கள். தற்காப்புக்கென்றே அணியில் நிற்கும் ஆட்டக்காரர்தான் லிபரோ. 1998-இல் சர்வதேச ஆட்டத்துக்குள் வந்த இடம் அது. பின்வரிசையில் மட்டும்தான் ஆடலாம். வலைக்கு மேலே நிற்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. சட்டைகூட வேறு நிறம். எதிரணி அடிப்பதைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். கைதட்டல் எல்லாம் ஸ்மாஷ் அடிப்பவனுக்கு. இங்கே காலை ஷிஃப்டில் முதியவர்களைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, டாக்டர் வருமுன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். யாரும் பாராட்டவில்லையே என்று தோன்றுவதே இல்லை. அதற்காகவே மனம் வெறுத்து ஊர் திரும்பியவர்களும் உண்டு.

அதைவிடப் பெரியது குரல் கொடுப்பது. பந்து இருவருக்கு நடுவே வரும். அவன் எடுப்பான் என்று இவனும், இவன் எடுப்பான் என்று அவனும் நின்றால் நடுவில் விழும். 'எனக்கு' என்று முதலில் கத்துபவனுக்கே பந்து. கத்தியபின் விடக் கூடாது. எங்கள் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் மணி அடிக்கும். மொழி தடுமாறிய நாட்களிலும் அறை எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். சிரிக்கவே தெரியாத எங்கள் தலைமை நர்ஸும் இப்போது எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்!

தோல்வியைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. களக்காட்டுக் காற்றில் வாழை சாய்ந்த மறுநாளே கன்று வைக்கப் போனவர் நீங்கள்.

தம்பியைத் தடுக்காதீர்கள். அரியர் மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். முழங்கால் பட்டை இல்லாமல் தரையில் பாயவும் கூடாது. சரளை கிழித்த தழும்பு என் காலில் இன்னும் இருக்கிறது. பட்டைக்கும் ஷூவுக்கும் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்து உரம் வாங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்