பூவின் பெயர் போட்டு விற்கப்பட்ட மூன்று தேன் பாட்டில்கள் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ‘ஒற்றை மலர்த் தேன்’ வரிசையில் சூரியகாந்தி, அகேசியா, பக்வீட் ஆகிய மூன்றையும் வாங்கினேன். மூன்றும் ஒரே நிறம், ஒரே மணம், ஒரே இனிப்பு. லேபிளை மறைத்துவிட்டால் எது எதென்று சொல்ல முடியவில்லை. விலை மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

பக்வீட் என்ற தானியச் செடியின் பூக்களிலிருந்து வரும் தேன் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். வெல்லப்பாகு போலக் கனத்த ருசி. முதல் தடவை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அது பிடிக்காமல்கூடப் போகும். ரொபீனியா மரப் பூக்களிலிருந்து வரும் அகேசியா தேன் அதற்கு நேர் எதிர்: வெளிறிய நிறம், மெல்லிய மணம். இவை இரண்டும் ஒன்றுபோல இருக்க வழியே இல்லை.

இதைக் கேட்டு எழுதியபோது உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. “எங்கள் தேன் எதுவும் உறையாது, அதுவே சுத்தத்துக்கு அடையாளம்” என்று எழுதியிருந்தார்கள். இது தவறு. தேன் உறைந்துவிட்டால் கலப்படம் என்று நினைத்து நல்ல தேனைக் கொட்டிவிடுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். தேன் விற்கும் நிறுவனமே அந்த எண்ணத்தை வளர்க்கலாமா?

தேனில் முக்கியமாக இருப்பவை ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள். குளுக்கோஸ் தண்ணீரில் குறைவாகவே கரையும், அதனால் அதுதான் பிரிந்து படிகமாகிறது. எந்தச் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பூவே தீர்மானிக்கிறது. அகேசியாவில் ஃபிரக்டோஸ் அதிகம். அது நீண்ட காலம் இளகியே இருக்கும். சூரியகாந்தியில் குளுக்கோஸ் அதிகம். சில வாரங்களிலேயே உறையத் தொடங்கிவிடும். நீங்கள் அனுப்பிய சூரியகாந்தித் தேனோ மாதக்கணக்கில் அப்படியே ஓடுகிறது. ஒன்று, அதில் சூரியகாந்தி அதிகம் இல்லை. இல்லையென்றால், நன்றாகச் சூடாக்கி மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்திருக்கிறீர்கள். சூடாக்கினால் மணம் போகும், தேனில் இயல்பாக இருக்கும் டயாஸ்டேஸ் நொதி அழியும், சர்க்கரை சிதைவதால் உண்டாகும் ஹெச்எம்எஃப் என்ற பொருள் கூடும். அவ்வளவு நுணுக்கமாக வடித்தால் மகரந்தமும் போய்விடும். அப்புறம் எந்தப் பூவின் தேன் என்பதற்கு முக்கியமான தடயமே இருக்காது.

நூற்றுக்கு நூறு ஒரே பூ என்று நான் கேட்கவில்லை. தேனீயைக் கட்டிப்போட முடியாது. ஆனால் ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். பூப்பருவத்தில் பெட்டிகளைச் சரியான இடத்தில் வைத்து, அது முடிந்த கையோடு தேனை எடுத்தால் ஒரு பூவின் குணம் மேலோங்கிய தேன் கிடைக்கும். அதற்காக மெனக்கெடும் தேனீ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கென்றுதான் நான் கூடுதல் விலை கொடுத்தேன்.

தேனுக்கான கோடெக்ஸ் சர்வதேசத் தரநிலையும் இதையே சொல்கிறது: முழுவதுமோ பெரும்பகுதியோ அந்தப் பூவிலிருந்து வந்து, சுவை மணத்திலும் வேதிப் பண்பிலும் நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் அதற்குரிய குணங்கள் இருந்தால்தான் பூவின் பெயரைப் போடலாம். மகரந்தக் கணக்கு மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். ஆரஞ்சு வகைப் பூக்களின் தேனில் மகரந்தம் இயல்பாகவே குறைவு. செஸ்ட்நட் மரப் பூக்களின் தேனில் மிக அதிகம்.

ஆகவே இந்த மூன்று தொகுதிகளுக்கும் மகரந்த ஆய்வு, ஃபிரக்டோஸ் - குளுக்கோஸ் அளவு, டயாஸ்டேஸ், ஹெச்எம்எஃப் அறிக்கைகளை அனுப்புங்கள். ஹெச்எம்எஃப் கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெப்பமண்டலத் தேனுக்கு வரம்பு 80. எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் சூடாக்கினீர்கள் என்பதும் வேண்டும். அறிக்கை இல்லையென்றால் மூன்று பாட்டில்களின் பணத்தையும் திருப்பித் தந்து, லேபிளிலிருந்து பூவின் பெயர்களை எடுத்துவிடுங்கள். பல பூக்களின் தேன் என்றே விற்கலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

ரசீதும் தொகுதி எண்கள் தெரியும் படங்களும் இணைத்திருக்கிறேன். மூன்று பாட்டில்களிலும் பாதிக்கு மேல் தேன் மீதி இருக்கிறது. ஆய்வுக்கு மாதிரி தேவையென்றால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்