ஓவன் எலிமென்ட் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், டீச்சர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

ஹட்டன் டவுனில் எங்கள் படிக்கட்டுக் கடையைத் தெரியாதவர்கள் இதை வாசிக்கப் போவதில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஓவனைச் சூடாக்கும் குழாயான எலிமென்டைப் பற்றித்தான். "அந்தக் கடையில் பழைய எலிமென்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடுகிறார்கள், மூன்று மாதத்தில் போய்விடுகிறது" என்று ஒரு குரல் பதிவு கொட்டகலை, டிக்கோயா எல்லாம் சுற்றுகிறது. என் மருமகனுக்கே இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

பழைய எலிமென்டைப் புதுசாக்க யாராலும் முடியாது. உள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள், வெளியே உலோகக் குழாய். எரிந்ததை உற்றுப் பாருங்கள், பல நேரம் குழாயில் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அதன் ஓரத்தில் வெள்ளைத் தூளும் இருக்கும். தேய்த்தால் குழாய் மின்னும், சரி. அறுந்த கம்பி ஒட்டுமா? புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்து, 2000 வாட்ஸ் என்றால் மின்தடை 26 ஓம் அளவில் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால்தான் மீட்டர் வைத்துக் காட்டுகிறேன். கழற்றியதையும் உங்கள் கையிலேயே தருகிறேன். வேண்டாம் என்று விட்டுப்போனவை கடைக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன, வந்து எண்ணிப் பார்க்கலாம்.

குரல் பதிவு போட்ட அக்காவின் ஓவனையே சொல்கிறேன், கோபம் எதுவும் இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது பின்தகட்டைக் கழற்றினேன். எலிமென்டின் வாலில் மாட்டும் கிளிப் தளர்ந்து, வயர் உறை அப்பளம் மாதிரி நொறுங்கியது. கிளிப் தளர்ந்தால் அந்த இடமே தனியாகக் காய்ந்து கருகும். அதைவிட மோசம், வைத்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் தேர்மோஸ்டாட். உள்ளே இரண்டு முனையும் ஒட்டிப்போய், 150இல் வைத்தாலும் கட் ஆகவில்லை. எலிமென்ட் ஓய்வில்லாமல் எரிந்திருக்கிறது. கேக்கின் அடி கருகியதற்கு அக்கா இத்தனை நாளும் மாவைத்தான் திட்டியிருக்கிறார்! அநேகமான ஓவன்களில், சூடு ஏறியதும் சிவப்பு லைட் அணைந்து அணைந்து எரிய வேண்டும். அணையவே இல்லையென்றால் தேர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். முதல் இரண்டு தடவையும் நாங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்தான். ஆனால் "நாளைக்குப் பிறந்தநாள், எலிமென்டை மட்டும் மாற்றிக் கொடுங்க" என்றார்கள், மாற்றிக் கொடுத்தோம்.

நம் ஊர் ஈரமும் சும்மா விடாது. அந்த வெள்ளைத் தூள் ஈரத்தை இழுக்கும். கிறிஸ்மஸுக்குப் பிறகு மூடி வைத்த ஓவனைத் தீபாவளிக்குப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். மறுபடி மறுபடி தூக்கிவிடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை வெறும் ஓவனை 100இல் அரை மணி நேரம் விட்டாலே தூள் காய்ந்துவிடும். அடித்தட்டில் ஈயத்தாள் விரிக்காதீர்கள், சூடு திரும்பிக் கீழ் எலிமென்டையே தாக்கும். கேத்தலையும் ஓவனையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டுபவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

போன வருஷம் எடுத்த ஒரு பெட்டி எலிமென்டில் மட்டும் 230க்குப் பதில் 220 வோல்ட் என்று அடித்திருந்தது, இரவில் லைன் 240ஐத் தொடும்போது அவை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காயும். போனது சிலதுதான், பில்லோடு வந்தால் மாற்றித் தருகிறோம்.

2022 பொருளாதார நெருக்கடியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், சாமான் எப்போது வரும் என்று தெரியாமலே முற்பணம் தந்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். நான் கேட்காமலே தந்தீர்கள். அந்தப் பணத்தில்தான் அந்த மாதம் கடை வாடகை கட்டினேன். அது எனக்கு மறக்காது. அதனால்தான் குரல் பதிவு இவ்வளவு சுட்டது.

அப்புறம், வீட்டுக்கு வந்து பார்க்கும் தம்பி கத்தாருக்குப் போய்விட்டார், இனி ஓவனைக் கடைக்குத்தான் கொண்டு வர வேண்டும். பார்க்கும் கூலி 750 ரூபா, திருத்தினால் கழித்துக்கொள்வோம். கம்பித் தட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பஸ்ஸில் கடகடவென்று சத்தம் போடும். போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கடை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் படிக்கட்டுக் கடைக்காரர்