கயோட்டி வேட்டைக்குப் பட்டாளத் தோட்டா ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதி விடுப்பில் அமெரிக்கா போகும் நம் சிங்கப்பூர் இளையர்கள் சிலருக்கு டெக்சஸ் பக்கம் கயோட்டி (நரி போன்ற காட்டு விலங்கு) வேட்டைக்குப் போகும் ஆசை வந்திருக்கிறது. தேக்கா உணவங்காடியில் பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது. “5.56 பட்டாளத் தோட்டா நமக்குக் கைவந்தது, தேசிய சேவையில் குறிசுடும் பதக்கம் வாங்கினவன் நான், அதையே எடுத்துக்கலாம்” என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னார். அவருக்கும் அவரைப்போல் நினைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் எம்16எஸ்1 துப்பாக்கிக் காலத்தில் பட்டாள ஆயுதப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, சார் 21 துப்பாக்கி வந்த பிறகு ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் இருப்பது டெக்சஸின் சான் ஆஞ்சலோ பக்கம். செம்மறியும் வெள்ளாடும் வளர்க்கும் ஊர். குட்டி போடும் பருவத்தில் கயோட்டித் தொல்லையை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். வேட்டை சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. சுடுவது என்று முடிவு செய்துவிட்டால் அந்தப் பிராணி துடிக்காமல் விழ வேண்டும். அவ்வளவுதான் என் கட்சி.

கயோட்டி நம் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ. அடர்ந்த ரோமத்தால் பெரிதாகத் தெரியுமே தவிர, நெஞ்சில் குறி வைக்கக் கிடைக்கும் இடம் நாலைந்து அங்குலம்தான்.

நம் முகாம்களில் கொடுப்பது முழுக்கவசக் குண்டு. ஈயத்தைச் செம்பு மூடியிருக்கும், மூக்கு திறந்திருக்காது. உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது. அந்தத் தடைக்குக் காரணமான குண்டு நம்மவர்கள் நன்கு அறிந்த கல்கத்தா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டம்டம் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. முழுக்கவசக் குண்டு உடலுக்குள் கொஞ்ச தூரம் நேராகப் போன பிறகுதான் புரளத் தொடங்கும். கயோட்டியின் மார்புக்கு அந்த அளவு தடிமன் கிடையாது. பென்சில் பருமனில் ஓட்டை போட்டுவிட்டுக் குண்டு மறுபக்கம் போய்விடும். அடிபட்ட பிராணி முட்புதருக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து மெல்லச் சாகும். வெளியேறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பின்னால் ஆட்டுமந்தை நிற்கலாம், வீடு இருக்கலாம்.

மருமகனின் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் தோட்டா ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் முனை, அதற்குக் கீழே காகிதம்போல் மெல்லிய செம்புத் தோல். பட்ட மாத்திரத்தில் அந்த முனை பின்னுக்குத் தள்ளிக் குண்டைப் பிளந்துவிடும். வேகம் முழுவதும் நெஞ்சுக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. அவர் கொட்டகையில் விரித்து அறைந்திருந்த தோலில் குண்டு நுழைந்த இடத்தை ரோமத்தை ஊதி விலக்கித்தான் காட்டினார். மறுபக்கம் ஓட்டையே இல்லை. தோலை விற்பவர்களுக்கு இது காசு விஷயம். (கயோட்டி ரோமம் வைத்துக் குளிரங்கி செய்துவந்த கனடா கூஸ் நிறுவனம் 2021-இல் ரோமத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தது. தோல் வியாபாரத்துக்கு அது நல்ல சேதி இல்லை.)

எந்த அளவுத் துப்பாக்கி என்று கேட்டால், புதியவருக்கு .223 ரெமிங்டன் போதும் என்பேன். 50 அல்லது 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, நொடிக்கு 3,200 அடிக்குப் பக்கத்தில் வேகம். 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்தால் 100-இல் ஒன்றரை அங்குலம்போல மேலே, 300-இல் ஆறேழு அங்குலம் கீழே அடிக்கும். முயல் கதறுவதுபோல் ஊதி அழைத்தால் கயோட்டி பெரும்பாலும் 200 கெஜத்துக்குள் வந்துவிடுகிறது. பண்ணைக்காரர் வைத்திருப்பது .22-250. நொடிக்கு 3,600 அடிக்கு மேல் போகும், பாதை இன்னும் நேராக இருக்கும். ஆனால் குழல் சீக்கிரம் தேயும். குழல் தேய்வைப் பார்த்தே பிழைத்தவன் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது. காற்று அதிகமுள்ள வெட்டவெளிக்கு .243 வின்செஸ்டர் நல்லது, தோல்தான் கொஞ்சம் கிழியும். .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

அந்தத் தம்பி கவனிக்க வேண்டிய இன்னொன்று: .223-உம் 5.56-உம் வெளியே பார்க்க ஒன்றுதான், ஆனால் குழலில் தோட்டா உட்காரும் அறை ஒன்றல்ல. 5.56 தோட்டாவில் அழுத்தம் கூடுதல். .223 என்று மட்டும் பொறித்த குழலில் அதைப் போடக்கூடாது. தோட்டாப் பெட்டியைப் பார்க்குமுன் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். குண்டைச் சுழலவிடும் குழலின் உள்முறுக்கையும் கேளுங்கள். நம் பழைய எம்16எஸ்1-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெயினுக்கு அது போதும். 77 கிரெயின் நீளக் குண்டைப் போட்டால் தள்ளாடும். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள போல்ட் துப்பாக்கி (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றுவது), 3 முதல் 9 மடங்கு தொலைநோக்கி, இது போதும். கனமான போட்டிக் குழல் வேண்டாம், இடம் மாற்றி இடம் மாற்றி நடக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் கயோட்டிக்குப் பருவத் தடை இல்லை, ஆனால் வெளியிலிருந்து வருபவர் வேட்டை உரிமம் எடுக்க வேண்டும். வேலை அல்லது மாணவர் விசாவில் அங்கே இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது, செம்பு போன்ற ஈயமில்லாத குண்டுதான்.

திரும்பும்போது பயணப் பெட்டியின் மூலை முடுக்கை எல்லாம் உதறிவிட்டு வாருங்கள், வெற்றுத் தோட்டா உறை ஒன்றுகூட நினைவுப்பொருளாக வேண்டாம். சுடுதளத்தைவிட்டு வெளியேறுமுன் “என்னிடம் தோட்டாவோ உறையோ இல்லை, சார்” என்று உரக்கச் சொன்னவர்கள்தானே நாமெல்லாம். சாங்கியில் அதைச் சொல்லி நிரூபிக்க வேண்டிய நிலை வந்தால், தோட்டா வைத்திருந்ததற்கு 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுதப் பராமரிப்பாளர்,
ஈசூன்