கண் இருட்டிய நாட்களில் என் கையைப் பிடித்தவர்களுக்கு

சத்துவாச்சாரி ரங்காபுரத்திலிருந்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குக் குழாய் மாதிரி விட்டுவிடுகிற ஸ்லீவ் ஆபரேஷன். அப்போது நான் 118 கிலோ, இந்த வைகாசியில் 86. ஆபரேஷனுக்குத் துணை நின்றவர்களுக்கு அப்போதே நேரில் போய் நன்றி சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் பிரஷர் இறங்கி, தலை சுற்றி, நிற்கவே பயந்துபோய்க் கிடந்த நாட்களில் என்னைத் தாங்கியவர்களுக்குத்தான் இந்த மடல். அவர்களில் பலருக்கு, தாங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்றே தெரியாது.

மாசியில் ஆரம்பித்தது. விடியற்காலை 5 மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், காதுக்குள் இரையும், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் தெளியும். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு, எட்டு மணி நேரமும் நின்றபடிதான். யாரிடம் சொன்னாலும் "இவ்வளவு இளைச்சா தலை சுத்தத்தானே செய்யும், நல்லா சாப்பிடு" என்றார்கள். சாப்பிட முடியாதபடிதானே வயிற்றையே சின்னதாக்கியிருக்கிறது. ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள், என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் தெம்பாக இருந்தது. மூன்றாம் நாள் அடுப்படியில் விழுந்தேன், நெற்றியில் நான்கு தையல்.

முதல் நன்றி, எங்கள் தெருவுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் தங்கைக்கு. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் ஆரம்பித்தது, இப்போது என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. கொடுக்க வந்தவள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, எப்போ விழுந்த?" என்று கேட்டு, யாரும் சொல்லாமலே என் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். 94/60. "நீ இன்னா மாத்திரை போடற, எடுத்துனு வா" என்றாள். கொண்டுவந்து காட்டினேன். 118 கிலோவில் இருந்தபோது எழுதிக் கொடுத்த அதே இரண்டு பிரஷர் மாத்திரைகள், அதில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போகவைத்துப் பிரஷரைக் குறைப்பது. ஆபரேஷன் ஆனதும் மாதம் ஒருமுறை வந்து மாத்திரையைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை போகாமல் விட்டது என் தவறு. "நிறுத்துன்னு நான் சொல்லக்கூடாதுக்கா, ஆனா இன்னிக்கே போய் டாக்டரைப் பாரு" என்றாள். சொன்னதோடு விடவில்லை, சாயங்காலம் தன் வேலை எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மறுபடியும் வந்து, போனேனா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போனாள். தங்கச்சி, எல்லாம் அந்த வாசற்படியில் ஆரம்பித்தது.

அன்று மாலை பார்த்த டாக்டருக்கு அடுத்த நன்றி. என்னை ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார், அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. படுத்திருந்தபோது 112/72, நின்றபோது 86/58. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டியது என்றார். அதுவரை யாரும் என்னை நிற்கவைத்துப் பார்த்ததே இல்லை, எல்லாரும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள். அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடும், ரத்தக்குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ளவேண்டும். எனக்கோ குடிக்கிற தண்ணீரே குறைவு, சாப்பாடு குறைந்ததால் உப்பும் குறைவு, கத்திரி வெயிலில் வியர்வை, எடை இறங்கியதில் பிரஷரும் தானாகவே இறங்கியிருக்கிறது. இவ்வளவுக்கும் மேலே, இன்னும் இறக்குவதற்கு இரண்டு மாத்திரை. அப்புறம் எப்படி மூளைக்கு ரத்தம் ஏறும்? சிறுநீர் மாத்திரையை அன்றே நிறுத்தினார், இன்னொன்றைப் பாதியாக்கி, மூன்று வாரம் கழித்து அதையும் நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது தெரிந்து ஊசி போட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் மாத்திரை தேவைப்படும். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உணவு ஆலோசகர் அம்மாவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்சை அடைக்கும், அதனால் குடிப்பதையே விட்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. 50 மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்து, "கால் மணி நேரத்துக்கு இது ஒண்ணு, வாய் வாயா உறிஞ்சிக் குடிங்க, அவ்வளவுதான்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் எட்டு மணி நேரத்தில் 1,600 மில்லி! சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். முதலில் முட்டை, பருப்பு, பனீர் என்று புரதம், நாளைக்கு 60 கிராமாவது, அப்புறம் காய், இடம் இருந்தால் ஒரு கரண்டி சோறு. பிரஷர் இறங்கியிருந்த எனக்கு உப்புப் போட்ட நீர்மோரும் சொன்னார், இதயமோ சிறுநீரகமோ சரியில்லாதவர்கள் உப்பைத் தாங்களாகவே கூட்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் ஆற்காடு மக்கன் பேடா ஒன்று சாப்பிட்டதும் சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, மயக்கம் என்று வந்ததைச் சொன்னபோது, அது பிரஷர் மாத்திரையால் வந்தது இல்லை, இனிப்பு சட்டென்று குடலுக்கு இறங்குவதால் வருவது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று பிரித்துக் காட்டினார். மக்கன் பேடா இல்லாமல் இருந்துவிடலாம். எது எதனால் வருகிறது என்று தெரியாமல் பயந்துகொண்டே இருப்பதுதான் முடியாது.

கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அண்ணன். செக்கிங் மேசையில் உட்கார இடம் கிடையாது, ஆனால் என் நெற்றித் தையலைப் பார்த்த மறுநாளே ஸ்டோரிலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார், மேலே கேள்வி கேட்டவர்களுக்கும் அவரே பதில் சொன்னார். பக்கத்து மேசை குடியாத்தம் அக்கா, கால் மணிக்கு ஒரு தடவை பேசாமல் என் கிண்ணத்தைத் தட்டுவார். அன்றிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

வீட்டில் பெரியவள் ஒரு நோட்டுப் போட்டாள். காலையில் படுத்தபடி ஒரு எண், நின்றபடி ஒரு எண், எத்தனை கிண்ணம் தண்ணீர். எழுந்திருக்கும்முன் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டு, கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார், அப்புறம் நில் என்று டாக்டர் சொன்னதைச் சுவரில் எழுதி ஒட்டியவளும் அவள்தான். வீட்டுக்காரர் காலை 5 மணிக்கு எனக்கு முன்னால் எழுந்து நீர்மோர் கலக்கிவைக்கிறார். இருபது வருடத்தில் அடுப்படிப் பக்கம் அவர் வந்ததே குறைவு, இப்போது அவர் கலக்குகிற மோர்தான் எனக்குப் பிடிக்கிறது. காலில் ரத்தம் தேங்காமல் இருக்கப் போடுகிற இறுக்கமான சாக்ஸை வியர்வையில் முட்டிவரை இழுத்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும், அதையும் தினமும் போட்டுவிடுகிறார்.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருவருக்கு. சித்திரை கடைசியில், மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம், முத்துக்கடை பஸ் நிறுத்தத்தில் மதியம் 2 மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். மறுபடியும் காது இரைந்தது. முன்னால் என்றால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்படியே விழுந்திருப்பேன். அன்று சொல்லிக்கொடுத்தபடி காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கிப் பார்த்தேன், இரைச்சல் நிற்கவில்லை, கூச்சப்படாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மல்லிகைக் கூடையோடு இருந்த ஒரு அம்மா ஓடிவந்து, என்னைப் படுக்கவைத்து, கூடையைக் கவிழ்த்து என் காலை அதன்மேல் தூக்கி வைத்தார். பூவெல்லாம் முந்தானையில். தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுந்து உட்காரும்வரை அவர் நகரவில்லை. வேலூர் பஸ் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு, குடையையும் என் கையிலேயே திணித்துவிட்டார், "எறங்குற எடத்துல வெயிலு இருக்கும்மா" என்று. பூவுக்குக் காசு கொடுக்கக்கூட நேரமில்லை. அப்புறம் நான்கு தடவை அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், காணவில்லை. அம்மா, நீலக் குடை, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ராணிப்பேட்டைக்காரர்கள் யாராவது அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.